பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ‘சி’ போதும்!

ஜூன் பிறந்துவிட்டது. புது நோட்டு, புதுப் பை, புது ஷூ என்று பிள்ளைகளுக்கு எல்லாம் வாங்கியாகிவிட்டது. ஒரே ஒரு கேள்வி... சாக்ஸை எப்படிப் போட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தீர்களா?

சிரிக்காதீர்கள். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒரு பல்கலைக்கழகம். கூடைப்பந்து அணிக்காக நாடு முழுவதும் தேடிப் பொறுக்கியெடுத்த இளைஞர்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். சிலர் ஏழடி உயரம். முதல் நாள் பயிற்சி. கோச் என்ன பெரிய ரகசியத்தைச் சொல்லப்போகிறார் என்று எல்லோரும் காத்திருக்க, ஷூவையும் சாக்ஸையும் கழற்றச் சொல்கிறார் அவர். பிறகு, சாக்ஸை நிதானமாக இழுத்து, குதிகாலிலும் சுண்டுவிரல் பக்கத்திலும் சுருக்கம் இல்லாமல் நீவிவிட்டு, அதைப் பிடித்தபடியே ஷூவுக்குள் காலை விட்டு, லேஸை ஒவ்வொரு துளையாக இறுக்கி இரட்டை முடிச்சுப் போடக் கற்றுத்தருகிறார்.

இளைஞர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். கோச் காரணம் சொல்கிறார். சாக்ஸில் சுருக்கம் இருந்தால் காலில் கொப்புளம் வரும். கொப்புளம் வந்தால் ஓட முடியாது. ஓடாவிட்டால் பயிற்சி போகும், பயிற்சி போனால் ஆட்டம் போகும். அவ்வளவுதான்!

அந்த கோச்சின் பெயர் ஜான் வுடன். 2010-ம் ஆண்டு ஜூன் 4-ம் தேதி, தன் 99-வது வயதில் காலமானார். நூறு நிறைய நான்கு மாதங்களே பாக்கி.

யு.சி.எல்.ஏ. என்று எல்லோரும் சொல்லும் அந்தக் கலிஃபோர்னியா பல்கலைக்கழக அணி, அவருடைய கடைசி 12 ஆண்டுகளில் 10 முறை தேசிய சாம்பியன். அதில் 1967 முதல் 1973 வரை தொடர்ந்து ஏழு ஆண்டுகள். ஒரு காலகட்டத்தில் தொடர்ச்சியாக 88 ஆட்டங்களில் வெற்றி. நான்கு சீசன்களில் ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லை. ஆனால், ‘நீங்கள் யார்?’ என்று கேட்டால் அவர் சொல்லும் பதில், ‘வாத்தியார்’ என்பதுதான்.

பேச்சுக்காகச் சொன்னதில்லை. நிஜமாகவே அவர் இங்கிலீஷ் வாத்தியார்!

இந்தியானா மாநிலத்தில் ஒரு சின்னப் பண்ணைக் குடும்பம். வீட்டில் மின்சாரம் கிடையாது, குழாய்த் தண்ணீரும் கிடையாது. இரவில் விளக்கு வெளிச்சத்தில் அப்பா பைபிளும் கவிதையும் வாசிக்க, பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். ஜானின் முதல் பந்து எது தெரியுமா? அம்மா பழைய காலுறைக்குள் கந்தல் துணிகளைத் திணித்துத் தைத்துக் கொடுத்தது. தக்காளிக் கூடையின் அடிப்பாகத்தை எடுத்துவிட்டு, அதைத் தொழுவத்தில் ஆணியடித்து மாட்டினார் அப்பா. வீட்டுக் கூடைப்பந்து மைதானம் தயார்!

அந்த அப்பாவுக்கு ஒரு சோதனை வந்தது. பன்றிகளுக்குப் போட்ட தடுப்பு மருந்து கெட்டுப்போனதாக இருந்ததால், அத்தனையும் செத்துவிட்டன. கடைசியில் பண்ணையே கையைவிட்டுப் போனது. மருந்து விற்றவரையும் திட்டவில்லை, விதியையும் நோகவில்லை. குடும்பத்தை அழைத்துக்கொண்டு பக்கத்து ஊருக்குக் குடிபெயர்ந்து, வேறு வேலை பார்த்தார் மனிதர். புலம்பாதே, குறை சொல்லாதே, சாக்குப்போக்கு சொல்லாதே என்று அவர் பிள்ளைகளுக்குச் சொல்வதுண்டு. அதை வாழ்ந்தும் காட்டிவிட்டார். இன்னொன்றையும் அடிக்கடி சொல்வாராம். அடுத்தவரைவிடப் பெரிய ஆளாக முயற்சி செய்யாதே. உன்னால் எவ்வளவு முடியுமோ அதில் குறை வைக்காதே.

இந்த இரண்டாவது வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

பள்ளிக்கூடத்தில் ஜானுக்கு நெல்லியைப் பிடித்துப்போனது. ஒருநாள் அவர் வயலில் உழுதுகொண்டிருந்தபோது, தோழிகளோடு வந்து கையசைத்தாள் நெல்லி. அவர் கண்டுகொள்ளவே இல்லை. பள்ளி திறந்ததும், ‘ஏன் அப்படி முகம் கொடுக்காமல் போனாய்?’ என்று நேராகவே கேட்டுவிட்டாள். உடம்பெல்லாம் வியர்வையும் புழுதியுமாக இருந்தேன், நீங்கள் எல்லாம் சிரிப்பீர்களோ என்று பயந்துவிட்டேன் என்றார் ஜான். கதை அங்கே ஆரம்பித்தது.

பர்டியூ பல்கலைக்கழகத்தில் படித்தபோது நாடறிந்த ஆட்டக்காரர் ஆனார். 1932-ல் இங்கிலீஷில் பட்டம். அந்த ஆகஸ்ட் மாதமே கல்யாணம். சிறுகச் சிறுகச் சேர்த்து வங்கியில் போட்டிருந்தது 909 டாலர் 5 சென்ட். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு வங்கி மூடிவிட்டது! பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலம் அது. கையில் காசில்லாமலே கல்யாணம் நடந்தது.

முதல் வேலை கென்டக்கி மாநிலத்தில் ஒரு பள்ளியில். பாடமும் நடத்த வேண்டும், விளையாட்டும் சொல்லித்தர வேண்டும். முதல் ஆண்டு அவருடைய கூடைப்பந்து அணி ஜெயித்தது 6, தோற்றது 11. இரண்டு ஆண்டுகள் கழித்து, இந்தியானாவில் சவுத் பெண்ட் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கு இங்கிலீஷ் ஆசிரியராகப் போனார்.

அங்கேதான் வந்தது நம் வீட்டுப் பிரச்னை.

மார்க்!

பரீட்சைத் தாள் கொடுத்ததும் பெற்றோர்கள் வந்துவிடுவார்கள். என் பிள்ளைக்கு ஏன் ‘ஏ’ வரவில்லை? ‘பி’ வந்திருந்தாலும் பரவாயில்லையே, ஏன் ‘சி’? சில வீடுகளில் பிள்ளை தோற்றுப்போனவனாகவே நடத்தப்பட்டான். சிலர், வாத்தியார்தான் தோற்றுவிட்டார் என்று முடிவுகட்டினார்கள். பிற்காலத்தில் ஒரு மேடையில் இதைச் சொல்லும்போது வுடன் அரங்கத்தையே சிரிக்கவைத்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளை ‘சி’ வாங்கினால் மட்டும் இந்தப் பெற்றோர்களுக்குச் சம்மதம்; ஏனென்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் சுமார்தானே!

எந்த ஊரானால் என்ன... அப்பா அம்மா அப்பா அம்மாதான்.

ஆனால், அவருக்கு இது உறுத்தியது. எல்லாப் பிள்ளைகளுக்கும் கடவுள் ஒரே அளவில் புத்தியைக் கொடுக்கவில்லை. ஒருவன் தூங்கிக்கொண்டே ‘ஏ’ வாங்குகிறான். இன்னொருவன் ராத்திரியெல்லாம் முட்டிமோதி ‘சி’ வாங்குகிறான். இதில் யார் ஜெயித்தது? அகராதியில் வெற்றி என்றால் பணம், பதவி, புகழ் என்று இருந்தது. அது அவருக்குப் போதவில்லை. அப்பா சொன்ன வாக்கியம் நினைவுக்கு வந்தது. 1934-ல் தானே ஒரு விளக்கம் எழுதினார். அதன் சாரம் இது: ‘நம்மால் எவ்வளவு உயர முடியுமோ அவ்வளவு உயர, முழு முயற்சியும் செய்துவிட்டோம் என்று நமக்கே தெரியும்போது வருகிற மனநிம்மதிதான் வெற்றி.’

பத்து கோப்பை ஜெயித்தவர், என்ன வேண்டுமானாலும் சொல்லலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஆனால், ஆண்டைக் கவனியுங்கள். 1934! முதல் கோப்பைக்கு முழுதாக 30 ஆண்டுகள் முன்னால். அவர் அப்போது பணமும் புகழும் இல்லாத 23 வயதுப் பள்ளி ஆசிரியர். முதல் கோப்பை கையில் வந்தபோது அவருக்கு வயது 53.

அதற்குள் அவர் வாழ்க்கையில் இரண்டு சம்பவங்கள் நடந்தன.

இரண்டாம் உலகப்போரில் கடற்படையில் பணியாற்றிவிட்டு வந்து, இந்தியானா மாநில ஆசிரியர் கல்லூரியில் கோச் ஆனார். 1947-ல் அவருடைய அணிக்கு ஒரு தேசியப் போட்டியில் ஆட அழைப்பு வந்தது. சின்னக் கல்லூரிக்குப் பெரிய கௌரவம். ஆனால், அந்தப் போட்டியில் கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு இடமில்லை. அணியில் கிளாரன்ஸ் வாக்கர் என்ற கறுப்பின மாணவர் இருந்தார். நட்சத்திர ஆட்டக்காரர்கூட இல்லை. மாற்று ஆளாக இறங்குபவர். அவரை விட்டுவிட்டுப் போயிருந்தால் ஆட்டம் ஒன்றும் கெட்டிருக்காது. வுடன் அழைப்பையே மறுத்துவிட்டார். மறு ஆண்டு விதி மாறியது. அணி போனது. அந்தப் போட்டியில் ஆடிய முதல் கறுப்பின ஆட்டக்காரர் என்று வாக்கரின் பெயர் பதிவானது.

அடுத்தது, 1948. இரண்டு பல்கலைக்கழகங்கள் அவரைக் கேட்டன. ஒன்று லாஸ் ஏஞ்சல்ஸ், இன்னொன்று மின்னசோட்டா. அவருக்கு மின்னசோட்டா மேல்தான் ஆசை. அவர்கள் குறிப்பிட்ட நேரத்துக்குள் போன் செய்வதாக ஏற்பாடு. நேரம் கடந்தது, போன் வரவில்லை. அடுத்து லாஸ் ஏஞ்சல்ஸ்காரர்கள் கூப்பிட, சரி என்று சொல்லிவிட்டார். சிறிது நேரத்திலேயே மின்னசோட்டா போன். அங்கே பனிப்புயலில் லைன் போய்விட்டதாம். அவர் கேட்டதெல்லாம் தருவதாகச் சொன்னார்கள். கையெழுத்து எதுவும் போடவில்லை. ‘மன்னியுங்கள், மனம் மாறிவிட்டேன்’ என்று லாஸ் ஏஞ்சல்ஸுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று அங்கேயே போனார்.

போன இடத்தில் என்ன இருந்தது? சொந்த அரங்கம் இல்லை. மூன்றாவது மாடியில் காற்றோட்டமே இல்லாத பழைய ஜிம். ஒரு பக்கம் மல்யுத்தம், இன்னொரு பக்கம் ஜிம்னாஸ்டிக்ஸ், நடுவில் இவர்கள். பயிற்சிக்கு முன்னால் தரையைப் பெருக்கித் துடைப்பதில் கோச்சும் ஒரு ஆள். சம்பளம் போதாமல், ஆரம்பக் காலத்தில் காலை வேளைகளில் ஒரு பால் நிறுவனத்திலும் வேலை பார்த்தார். அணி நன்றாகவே ஆடியது. ஆனால் தேசிய சாம்பியன் பட்டம் வர 16 சீசன்கள் ஆயின. இன்று எந்த நிர்வாகம் ஒரு கோச்சுக்கு 16 ஆண்டு தரும்? நாம் நம் பிள்ளைக்கு ஒரு டெர்ம் தருகிறோமா?

அவர் எப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்? இதைத் தெரிந்துகொள்ள, கல்வி உளவியல் ஆராய்ச்சியாளர்கள் இருவர் 1974-75 சீசனில் அவருடைய பயிற்சிகளைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தார்கள். அவர் வாயிலிருந்து வந்ததை எல்லாம் குறித்து வைத்தார்கள். மொத்தம் 2,326 குறிப்புகள். அதில் பாராட்டு சுமார் 7 சதவிகிதம். கண்டிப்பும் கிட்டத்தட்ட அதே அளவு. சுமார் 75 சதவிகிதம் வெறும் தகவல்! இப்படிச் செய், இந்த இடத்தில் நில், பந்தை இப்படிப் பிடி. ‘சபாஷ்’ மழையும் இல்லை, வசவு மழையும் இல்லை. நாம் வீட்டில் பிள்ளையைப் படிக்கவைக்கும் ஒரு மணி நேரத்தை இப்படிக் கணக்கெடுத்தால் என்ன சதவிகிதம் வரும் என்று நினைத்துப் பார்த்தேன். தலை தானாகக் குனிந்துகொண்டது.

ஒவ்வொரு நாள் பயிற்சிக்கும் நிமிடக் கணக்காகத் திட்டம் போட்டு, சின்ன அட்டைகளில் எழுதிக்கொண்டு வருவார். நேரத்துக்கு ஆரம்பம், நேரத்துக்கு முடிவு. முக்கியமான விதிகள் மூன்று: தாமதமாக வராதே, கெட்ட வார்த்தை பேசாதே, கூட ஆடுபவனைக் குறை சொல்லாதே. இன்னொரு பழக்கமும் உண்டு. பந்தைக் கூடையில் போட்டவன், அதை எடுத்துக் கொடுத்தவனைப் பார்த்துத் தலையசைக்க வேண்டும். அவன் பார்க்காவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பையன் கேட்டானாம். பார்ப்பான், கவலைப்படாதே என்றார் வுடன்!

கண்டிப்பும் உண்டு. அந்தக் காலத்தின் மிகப் பெரிய கல்லூரி நட்சத்திரம் பில் வால்டன். ஒரு சீசனின் முதல் நாள் தாடியோடு வந்து நின்றார். இப்படி வளர்ப்பது என் உரிமை, அதை நம்புகிறேன் என்று வாதாடினார். தன் நம்பிக்கைக்காக நிற்பவர்களை எனக்குப் பிடிக்கும் என்று பொறுமையாகச் சொன்ன வுடன், கூடவே ஒன்று சேர்த்தார்: ‘நீ இல்லாதது எங்களுக்குக் குறையாகத்தான் இருக்கும், பில்.’ வால்டன் சைக்கிளில் முடிவெட்டும் கடைக்குப் பறந்தார்.

வெற்றியைப் பற்றி மட்டும் அவர் பேசவே மாட்டார். ‘ஜெயித்துவிட்டு வாருங்கள்’ என்று சொன்னதாக அவருடைய மாணவர்கள் யாருக்கும் நினைவில்லை. ஆட்டம் முடிந்து வெளியே வரும்போது, உங்கள் முகத்தைப் பார்த்து ஜெயித்தீர்களா தோற்றீர்களா என்று யாராலும் கண்டுபிடிக்க முடியக் கூடாது. அதுதான் அவர் கேட்டது.

ஆனால், உலகம் அப்படியா அளக்கிறது? 1974-ல் தொடர் வெற்றி அறுபட்டது. அரையிறுதியில் கூடுதல் நேரத்துக்கும் கூடுதல் நேரம் போய்த் தோற்றார்கள். 1975-ல் மறுபடியும் இறுதி ஆட்டம். இதுதான் என் கடைசி ஆட்டம் என்று அறிவித்துவிட்டு ஆடவைத்தார். 92-85 என்று ஜெயித்தார்கள். பத்தாவது கோப்பை! அந்த இரவில் ஓர் ஆதரவாளர் ஓடிவந்து கைகுலுக்கினார். போன வருஷம் எங்களைக் கைவிட்டதற்கு இது சரியாகப் போயிற்று என்றார்! 12 ஆண்டுகளில் 10 கோப்பை. அவர் கண்ணில் பட்டது, வராத கோப்பை. 97 மார்க் வாங்கிய பிள்ளையிடம் ‘அந்த மூணு எங்கே போச்சு?’ என்று கேட்கும் நாம் அவரைக் குறை சொல்ல முடியாது.

வுடன் ஒரு மகான் என்று எழுதிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. அவர் காலத்து ஆட்டக்காரர்களுக்கு ஒரு பணக்கார ஆதரவாளர் விதிக்குப் புறம்பாகச் சலுகைகள் செய்துவந்தது பிற்பாடு செய்தியானது. பல்கலைக்கழகத்துக்குத் தண்டனையும் கிடைத்தது. கோச் அதைக் கண்டும் காணாமல் இருந்தாரோ என்ற கேள்வி இன்றுவரை இருக்கிறது. தனக்கென்று அவர் எதுவும் சேர்த்துக்கொள்ளவில்லை என்பது மட்டும் நிச்சயம். அவருடைய ஆண்டுச் சம்பளம் கடைசிவரை 35,000 டாலரைத் தாண்டவில்லை.

வீட்டு வுடனைப் பற்றிச் சொல்லாவிட்டால் கதை முடியாது.

ஒவ்வோர் ஆட்டம் தொடங்கும் முன்பும், கூட்டத்தில் நெல்லி எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று தேடிப் பார்த்து, ஒரு சின்னச் சைகை செய்வார். பள்ளிக்கூட நாளில், அவர் ஆட இறங்கும்போது பேண்ட் வாத்தியக் குழுவில் இருந்த நெல்லிக்குக் காட்டிய அதே சைகை! மகன், மகள், பேரன் பேத்திகள் என்று வீடு நிறைந்தது. 1982-ல் நெல்லிக்கு உடல்நிலை மோசமாகி, மாதக்கணக்கில் நினைவில்லாமல் கிடந்தார். பேசிக்கொண்டே இருங்கள், கேட்கலாம் என்றார்கள் டாக்டர்கள். இவர் கையைப் பிடித்தபடி பேசிக்கொண்டே இருந்தார். ஒருநாள் அந்தக் கை இவர் கையை அழுத்தியது. மீண்டு வந்து, இன்னும் சில காலம் கூட இருந்தார். 1985 மார்ச் 21 அன்று போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் 21-ம் தேதி அவருக்கு ஒரு கடிதம் எழுதினார் வுடன். பேரப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள், தான் எப்படி இருக்கிறேன், எவ்வளவு தேடுகிறேன் என்று எழுதி, உறையில் போட்டு, நெல்லியின் தலையணை மேல் வைப்பார். முந்தைய கடிதங்கள் அங்கேயே மஞ்சள் ரிப்பனில் கட்டப்பட்டுக் காத்திருக்கும். கண் பார்வை ஒத்துழைத்தவரை, இருபது ஆண்டுகளுக்கும் மேல் எழுதினார். தேசியப் போட்டியின் இறுதிக்கட்ட ஆட்டங்களுக்கு இருவரும் ஒன்றாகவே போய்ப் பழகியதால், பத்து ஆண்டுகள் அந்தப் பக்கமே போகவில்லை. கொள்ளுப்பேரக் குழந்தைகள் பிறந்துதான் அவரை மெள்ள மெள்ள வாழ்க்கைக்குத் திருப்பி அழைத்து வந்தார்கள். 2003-ல் பல்கலைக்கழக ஆடுகளத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். ‘நெல் அண்ட் ஜான் வுடன் கோர்ட்’. நெல்லியின் பெயர்தான் முதலில்.

ஒரு வாத்தியாரின் மார்க் ஷீட் எப்போது வரும்? மாணவர்களுக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகுதான் என்று தோன்றுகிறது. தாடியோடு வந்து வாதாடிய வால்டன், பின்னாளில் தன் நான்கு மகன்களின் மதிய உணவுப் பைகளில் வுடனின் பொன்மொழிகளை எழுதி அனுப்பினார். உலகம் கொண்டாடிய கரீம் அப்துல் ஜப்பார், தனக்கும் கோச்சுக்கும் இடையே 50 ஆண்டுகள் நீடித்த நட்பைப் பற்றி 2017-ல் ஒரு புத்தகமே எழுதினார். கோப்பைகள் கண்ணாடி அலமாரியில் இருக்கின்றன. வாத்தியார் சாப்பாட்டுப் பையில் இருக்கிறார்.

மார்க் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்-ஆஃப் இருக்கும் ஊரில் இருந்துகொண்டு அப்படிச் சொல்ல முடியாது. வுடனும் மார்க் போட்ட வாத்தியார்தான். ‘சி’க்கு உரியவனுக்கு ‘சி’தான் போட்டார். முயற்சி செய்தால் போதும் என்பது சோம்பேறிகளுக்கான சலுகையும் இல்லை. அது இன்னும் கடினமான பரீட்சை. மார்க்கை அடுத்தவர் போடுவார். முழு முயற்சி செய்தோமா என்பது நமக்கு மட்டும்தான் தெரியும். அங்கே பிட் அடிக்க முடியாது.

இந்த வருஷம் முதல் பரீட்சைத் தாள் வீட்டுக்கு வரும்போது, ‘எவ்வளவு?’ என்று கேட்பதற்கு முன்னால் ‘உன்னால் முடிந்ததை எல்லாம் செய்தாயாடா?’ என்று ஒருமுறை கேட்டுப்பாருங்கள். பதிலை அவன் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. அவனுக்குத் தெரிந்தால் போதும்.

நாளைக் காலையில் ஸ்கூல் வேன் வருவதற்கு முன் இரண்டு நிமிடம் கிடைத்தால், பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சாக்ஸையும் கொஞ்சம் நீவிவிடுங்கள்.